மாணவர் ரோபோவின் கேமரா அமைப்புக்குப் பங்களிப்பாளர் பதிவு எழுதும் முறை

மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் ஓடும் ரோபோவின் கேமரா, களத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளை அடையாள அட்டைகளை ஒரு விநாடியில் பலமுறை படித்து, ரோபோ எந்த இடத்தில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை இடைவிடாமல் கணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணிப்பு சரியாக அமைவதற்குக் குழுவிலுள்ள மாணவர்களும் வழிகாட்டிகளும் உழைத்திருக்கிறார்கள். குழுவினர் ஒருபோதும் நேரில் சந்தித்திராத பல்கலைக்கழக ஆய்வாளர்களும் திறந்த மூல நிரலாளர்களும் பிற ஊர் மாணவர்களும் அதற்கு முன்பே உழைத்து வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருடைய உழைப்பையும் ஒரு பதிவில் நேர்மையாக எழுதி வைப்பது எப்படி என்பதை, அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்தும் ரோபோட்டிக்ஸ் போட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தக் கட்டுரை விளக்குகிறது. வேறு போட்டிகளில் பங்கேற்கும் குழுக்களுக்கும் கல்லூரித் திட்டப்பணி செய்வோருக்கும் இதே முறை பொருந்தும்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கி, கீழே ஒரு நன்றியைச் சேர்த்துவிட்டால் அது பங்களிப்பாளர் பதிவு ஆகிவிடாது. யார், எதை, எந்த அளவுக்குச் செய்தார் என்பது ஒவ்வொரு பெயருடனும் சேர்ந்து வர வேண்டும். பெயருக்கு அருகில் வேலை எழுதப்படாத பட்டியலில், ஐந்து மாதம் உழைத்தவரும் ஒரு நாள் வந்து வேடிக்கை பார்த்தவரும் ஒரே எழுத்தளவில் நிற்பார்கள். அது உழைத்தவருக்கு அநீதி என்பதோடு, அந்த அமைப்பை அடுத்த ஆண்டு எடுத்து நடத்தப்போகும் மாணவருக்கும் பயனற்றது.

ஒரு முன்மாதிரி

மாணவர்களுக்கான ரோபோ கேமராக்களின் வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தில் 2001-ஆம் ஆண்டையொட்டி ஆந்தனி ரோவ், சார்லஸ் ரோசன்பர்க், இல்லா நூர்பக்ஷ் ஆகியோர் உருவாக்கிய சிஎம்யுகேம் என்ற கேமரா, குறைந்த விலை நுண்கட்டுப்படுத்தி ஒன்றையும் சிறிய கேமரா உணரியையும் இணைத்து, குறிப்பிட்ட நிறத்தைப் பின்தொடரும் ஆற்றலை மாணவர் ரோபோக்களுக்குக் கொடுத்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2005-ஆம் ஆண்டு ஃபர்ஸ்ட் போட்டிக் குழுக்களுக்குத் தரப்பட்ட பாகத் தொகுப்பிலேயே இடம்பெற்றது. 2007-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு திறந்த மூல அமைப்பாக அமைந்தது; அதைப் பற்றிய தொழில்நுட்ப அறிக்கையில் ரோவ், ஆடம் கூட், திராஜ் கோயல், நூர்பக்ஷ் என்ற நால்வரின் பெயர்கள் உள்ளன. நான்காம் பதிப்பில் குவாபெனா அஜ்யெமான் முதன்மைப் பங்காற்றினார். அவரே பின்னர் ஓப்பன்எம்வி என்ற கேமராவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். ஐந்தாம் பதிப்பு, சார்ம்டு லேப்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, பிக்ஸி என்ற பெயரில் 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளியிடப்பட்டது.

இந்த வரலாற்றை இன்று நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு பதிப்பும் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போனது என்பது அந்தந்தக் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டதுதான். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆட்கள் மாறினார்கள். பெயரில் இருந்த எண்ணும் அறிக்கையின் ஆசிரியர் வரிசையும் அந்த மாற்றத்தைக் காட்டிக்கொண்டே வந்தன. ஒவ்வோர் ஆண்டும் மூத்த மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறும் பள்ளிக் குழுவுக்கு இந்த ஒழுங்கு பல்கலைக்கழகத்தைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஒளி செல்லும் வழியிலேயே தொடங்குங்கள்

பதிவை எழுத உட்காரும்போது நினைவில் வருகிற பெயர்களிலிருந்து தொடங்கினால், சத்தமாகப் பேசுகிறவர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். அதற்குப் பதிலாக, கேமரா அமைப்பின் பாகங்களை, ஒளி லென்ஸில் விழுவதிலிருந்து சக்கரம் சுழல்வது வரை, வரிசையாகத் தாளில் எழுதுங்கள். விளக்கு, லென்ஸ், உணரி, கேமராவைப் பிடித்திருக்கும் தாங்கி, மின்கம்பிகள், படத்தைச் செயலாக்கும் சிறு கணினி, அதில் ஓடும் இயங்குதளம், அளவுத்திருத்தம், அடையாள அட்டையைக் கண்டறியும் நிரல், அதிலிருந்து இருப்பிடத்தைக் கணிக்கும் நிரல், அந்தக் கணிப்பைச் சக்கர உணரிகளின் கணக்கோடு இணைக்கும் பகுதி, இறுதியில் ரோபோவின் ஓட்டத்தை முடிவு செய்யும் நிரல் என்று வரிசை நீளும். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுதுங்கள்: குழுவுக்குள் இதைச் செய்தவர் யார், குழுவுக்கு வெளியே இது யாருடைய ஆக்கம்?

இந்த இரண்டாவது கேள்விதான் பலரைத் திகைக்க வைக்கும். அடையாள அட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல்டேக் எனப்படும் அந்த முறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் 2011-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 2016-இல் ஜான் வாங்கும் ஓல்சனும் அதன் கண்டறியும் வேகத்தைக் கூட்டிய இரண்டாம் வடிவத்தை அளித்தனர். 2019-இல் மாக்சிமிலியன் க்ரோகியஸ், ஆக்ஷி ஹாகன்மில்லர், ஓல்சன் ஆகியோர் மூன்றாம் வடிவத்தைக் கொண்டுவந்தனர். ஃபர்ஸ்ட் போட்டியின் களத்தில் இந்த அட்டைகள் 2023 பருவத்தில் இடம்பெறத் தொடங்கின. அதற்கு முந்தைய பல பருவங்களில் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் நாடாவையும் பச்சை விளக்கு வளையத்தையும் நம்பியிருந்த குழுக்கள், அந்த ஆண்டு முதல் மிச்சிகன் ஆய்வுக்கூடத்தின் உழைப்பின் மேல் தங்கள் ரோபோவைக் கட்டத் தொடங்கின. ஆனால் நிரலை எழுதும் மாணவர், போட்டிக்கான பொது நிரலகத்தின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பின், வழியாகவோ ஃபோட்டான்விஷன் போன்ற ஆயத்த மென்பொருளின் வழியாகவோதான் ஏப்ரல்டேக்கைத் தொடுகிறார் என்பதால், மூல ஆய்வாளர்களின் பெயர் அவர் கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

அளவுத்திருத்தமும் அப்படிப்பட்டதே. சதுரங்கக் கட்டம் அச்சிட்ட பலகையைக் கேமராவின் முன் பல கோணங்களில் காட்டி, லென்ஸின் வளைவுப் பிழையைக் கணக்கிடும் வழக்கத்தின் பின்னால், செங்யூ ஜாங் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இருக்கிறது. படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி நிரலகத்தின் அளவுத்திருத்தச் செயல்பாடு அதைத் தழுவியது. அந்த நிரலகமோ 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. ஒரு பாகத்தைத் தோண்டினால் அடியில் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும் என்பதால், எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எழும். குழுவினர் நேரடியாகத் தேர்ந்தெடுத்து நிறுவிய ஒவ்வொன்றையும் குறிப்பிட வேண்டும். அதற்கு அடியில் இருப்பவற்றுள், அது இல்லாவிட்டால் உங்கள் அமைப்பின் மையக் கருத்தே இல்லை என்று சொல்லத்தக்கதைக் குறிப்பிட வேண்டும். ஏப்ரல்டேக் அந்த இரண்டாம் வகையில் சேரும். இயங்குதளத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு நிரலகங்களைத் தனித்தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை. அவற்றைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளைச் சொல்லும் உரிமக் கோப்புகளை நீக்காமல் விட்டாலே போதும்.

குழுவுக்குள்: கண்ணுக்குத் தெரியாத வேலை

நிரல் எழுதியவரின் பெயர் எப்படியும் பதிவாகிவிடும். கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவி அதைத் தானாகவே செய்கிறது. கேமரா அமைப்பைப் பொறுத்தவரை ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெற்றியையும் தோல்வியையும் பல நேரங்களில் தீர்மானிப்பது நிரலுக்கு வெளியே நடக்கும் வேலை. கேமராவின் தாங்கி அதிர்வில் அரை பாகை திரும்பினாலும் தொலைவிலுள்ள அட்டையின் இடம் தவறாகக் கணிக்கப்படும் என்று கண்டு, அதை மறுபடி வடிவமைத்த மாணவர் ஒரு வரி நிரலும் எழுதியிருக்க மாட்டார். மங்கலற்ற படம் கிடைக்க, உணரியில் ஒளி விழும் நேரமான எக்ஸ்போஷரை எவ்வளவு குறைக்கலாம் என்று போட்டி அரங்கின் விளக்கொளியில் நின்று சோதித்தவரும், கம்பி கழன்று கேமரா அணைந்துபோகாமல் இணைப்பிகளுக்குப் பசை வைத்துப் பூட்டியவரும், அளவுத்திருத்தப் பலகையைச் சலிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தவரும், நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தின் வரலாற்றில் எங்கும் தென்பட மாட்டார்கள். இவர்களுடைய பெயர்களைத் தேடிச் சென்று எழுதுவதே இந்தப் பதிவின் முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன்.

வேலைகளை வகைப்படுத்த ஆய்விதழ்களில் புழங்கும் கிரெடிட் என்ற பட்டியல் உதவும். கருத்துருவாக்கம், தரவைப் பேணுதல், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, மேற்பார்வை, முதல் வரைவு எழுதுதல் என்று தொடங்கி மொத்தம் 14 பங்குகளை அது வரையறுக்கிறது. 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது முறையான தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. அதை அப்படியே எடுத்தாள வேண்டாம். தாங்கி வடிவமைப்பு, மின்னிணைப்பு, விளக்கு, அளவுத்திருத்தம், படங்களுக்கு அடையாளமிடல், களச் சோதனை ஆகியவை ஆய்விதழ்ப் பட்டியலில் இல்லை. உங்கள் பதிவில் அவை கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பல பங்குகளும், ஒரு பங்குக்குப் பலரும் இருக்கலாம். பலர் சேர்ந்து செய்ததில் முன்னின்றவர் யார், துணைநின்றவர் யார் என்று பிரித்துச் சொல்வதில் தவறில்லை. அது உண்மையாக இருந்தால் துணைநின்றவரே அதை முதலில் ஒப்புக்கொள்வார்.

கிட் பதிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரே மடிக்கணினியின் முன் இரண்டு மாணவர்கள் அமர்ந்து நிரல் எழுதுவது வழக்கம். அந்தக் கணினியில் யாருடைய கணக்கு திறந்திருக்கிறதோ அவருடைய பெயரிலேயே, கமிட் எனப்படும் மாற்றப் பதிவுகள் எல்லாம் பதிவாகும். இதைத் தவிர்க்க, கமிட் செய்தியின் கடைசியில் ஒரு வரி வெற்றிடம் விட்டு, கோ-ஆதர்ட்-பை என்ற குறிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதி, உடன் எழுதியவரின் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளம் 2018-ஆம் ஆண்டு முதல் இந்தக் குறிப்பைப் படித்து இருவர் பெயரையும் காட்டுகிறது. மாணவரின் சொந்த மின்னஞ்சலை வெளியிட விருப்பமில்லையென்றால், அத்தளமே தரும் மறைமுக முகவரியைப் பயன்படுத்தலாம். கமிட்டுகளின் எண்ணிக்கையையோ வரிகளின் எண்ணிக்கையையோ வைத்துப் பங்களிப்பை அளக்கக் கூடாது. ஒரு நிரலகத்தை முழுதாக நகலெடுத்து உள்ளே வைத்த ஒரே கமிட் ஆயிரக்கணக்கான வரிகளைக் காட்டும். பல நாள் தேடிக் கண்டுபிடித்த ஆய அச்சின் திசைப் பிழையின் திருத்தம் ஒரே ஒரு கழித்தல் குறியாக இருக்கும்.

நினைவை நம்பாமல் இருக்க எளிய வழி, பொறியியல் குறிப்பேட்டில் ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அன்று கேமரா அமைப்பில் யார் என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதுவதுதான். பருவம் முடிந்தபின் பதிவு எழுத உட்காருபவர் அந்த வரிகளைத் தொகுத்தாலே முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். இதை எழுதும் பொறுப்பைச் சுழற்சி முறையில் கொடுங்கள். ஒரே மாணவர் எழுதிக்கொண்டிருந்தால் அவர் நின்ற மேசையைச் சுற்றி நடந்தவை மட்டுமே பதிவாகும்.

வழிகாட்டிகளின் பங்கு

பெரியவர்கள் செய்ததை மாணவர்கள் செய்ததாக எழுதுவதும், மாணவர்கள் செய்ததைப் பெரியவரின் பெயரில் எழுதுவதும் ஒரே அளவு தவறானவை. முதலாவது தவறு நல்லெண்ணத்தால் நிகழ்வதால் அதைத் திருத்துவது கடினம். இருப்பிடக் கணிப்பின் கணிதத்தை வழிகாட்டி எழுதிக் கொடுத்து, மாணவர்கள் அதை ரோபோவின் நிரலோடு இணைத்துச் சோதித்திருந்தால், அப்படியே எழுதுங்கள்: கணிப்புப் பகுதியின் முதல் வடிவம் வழிகாட்டியுடையது, இணைப்பும் சோதனையும் மாணவர்களுடையவை. ஃபர்ஸ்ட் போட்டியில் நடுவர்கள் மாணவர்களிடம்தான் கேள்வி கேட்பார்கள். தான் எழுதாத பகுதியைத் தன்னுடையதாகச் சொல்லும்படி ஒரு மாணவரை நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. எங்கள் வழிகாட்டி எழுதியது, அது இப்படி இயங்குகிறது என்று அவர் தெளிவாக விளக்கினால், அந்த விளக்கமே அவருடைய கற்றலுக்குச் சான்றாக நிற்கும்.

ஒரு முறை ஆலோசனை சொன்னவர், பட்டறைக்கு இடம் கொடுத்தவர், கருவி இரவல் கொடுத்தவர் ஆகியோரை ஆக்கியவர்களின் பட்டியலில் சேர்க்காமல், நன்றிப் பகுதியில் அவர் செய்த உதவியின் பெயரோடு குறிப்பிடுங்கள். நிதி உதவிய நிறுவனங்களுக்கும் அதுவே இடம். நிதி கொடுத்தவரின் சின்னம் பங்களிப்பாளர்களின் பெயர்களுக்கு மேலே பெரிதாக நிற்பது எனக்கு உடன்பாடில்லை. ஆதரவாளருக்குரிய இடம் ரோபோவின் பக்கத் தகட்டிலும் குழுவின் சட்டையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

வெளியாரின் ஆக்கங்கள்: சட்டக் கடமையும் மரியாதையும்

பிறருடைய நிரலைப் பயன்படுத்தும்போது, உரிமம் விதிக்கும் கடமை, ஆய்வைச் சுட்டும் மரபு, நன்றி என்ற மூன்றும் கலந்து குழப்பம் உண்டாகிறது. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றவை தீர்ந்துவிடுவதில்லை.

உரிமத்தில் தொடங்குவோம். எம்ஐடி உரிமம் கொண்ட நிரலை நகலெடுத்து வெளியிடும்போது, அதன் பதிப்புரிமை வரியையும் அனுமதி வாசகத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல்டேக் நிரலுக்கு இரண்டு நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டி உரிமம் உள்ளது. அதுவும் பதிப்புரிமை வாசகத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. மூன்று நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டி உரிமத்தில் இன்னொரு நுட்பம் உண்டு: மூல ஆக்கியோரின் பெயரை, அவர்கள் எழுத்தில் அனுமதிக்காமல், உங்கள் படைப்பை அவர்கள் பரிந்துரைப்பதுபோல் பயன்படுத்தக் கூடாது. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் நிரலகத்தைப் பயன்படுத்தியதைச் சொல்லலாம். அந்தப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கினோம் என்று சொல்லக் கூடாது. ஓப்பன்சிவி, 4.5.0 பதிப்பு முதல் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் வருகிறது. அந்த உரிமத்தின்படி, நீங்கள் திருத்திய கோப்புகளில் திருத்தப்பட்டது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும், மூலத்தோடு அறிவிப்புக் கோப்பு வந்திருந்தால் அதையும் உடன் தர வேண்டும். ஃபோட்டான்விஷன் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமம் கொண்டது. அதைத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால், திருத்தியதையும் அதற்குரிய தேதியையும் குறிப்பிட்டு, மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அந்தத் திட்டம் தானே கமேலியான் விஷன் என்ற முந்தைய முயற்சியிலிருந்து கிளைத்தது என்பதைத் தன் அறிமுகக் கோப்பில் சொல்லி, அதில் உழைத்தவர்களுக்கு நன்றி தெரிவித்திருப்பதைப் புதிதாக எழுதுவோர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

உரிமமே இல்லாமல் பொதுவில் கிடக்கும் நிரல் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடியது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது: உரிமம் தரப்படாதவரை எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. வேறொரு குழுவின் நிரலில் உரிமக் கோப்பு இல்லையென்றால், அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கிடைத்த அனுமதியின் தேதியைப் பதிவில் குறியுங்கள். பெயரைக் குறிப்பிட்டுவிட்டேன் என்பது அனுமதிக்கு ஈடாகாது. போட்டியின் விதிகள், பருவம் தொடங்கும் முன் எழுதிய நிரலைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்திருக்கின்றன. அதனால் குழுக்கள் ஒன்றின் நிரலை மற்றொன்று எடுத்து வளர்ப்பது இங்கே இயல்பான நடைமுறை ஆகியிருக்கிறது. அந்த நடைமுறை நிலைப்பதற்கு, எடுத்தவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லும் பழக்கம் அவசியம்.

பிற குழுவின் நிரலிலிருந்து எடுத்த பகுதிக்கு மேலேயே, அந்தக் கோப்பிலேயே, குழுவின் எண், களஞ்சியத்தின் முகவரி, எந்தக் கமிட்டிலிருந்து எடுக்கப்பட்டது, நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். கமிட்டின் அடையாளத்தை விட்டுவிடாதீர்கள். மூலக் களஞ்சியம் அடுத்த ஆண்டு முற்றிலும் மாறிப்போயிருக்கலாம். கமிட் அடையாளம் இருந்தால் அன்றைய வடிவத்தைத் திரும்பப் பார்க்க முடியும்.

ஆய்வுக் கட்டுரைகளைச் சுட்டுவது உரிமத்தோடு தொடர்பற்ற வேறு கடமை. ஏப்ரல்டேக் நிரலின் அறிமுகக் கோப்பு, பயன்படுத்துவோர் உரிய ஆய்வுக் கட்டுரையைச் சுட்டுமாறு கேட்டுக்கொள்கிறது. எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்குரிய கட்டுரையைச் சுட்டுங்கள். மூன்றாம் வடிவத்தைப் பயன்படுத்திவிட்டு 2011 கட்டுரையை மட்டும் குறிப்பிட்டால் 2019-இல் உழைத்த இருவர் விடுபட்டுப் போகிறார்கள். உங்கள் சொந்த அமைப்பைப் பிறர் எப்படிச் சுட்ட வேண்டும் என்பதையும் சைட்டேஷன் கோப்பாக எழுதிக் களஞ்சியத்தில் வைக்கலாம். கிட்ஹப் 2021 முதல் அக்கோப்பைப் படித்துச் சுட்டும் வாசகத்தைக் காட்டுகிறது.

படங்களும் பயிற்சித் தரவும்

அடையாள அட்டையைக் காண்பதோடு நில்லாமல், களத்தில் கிடக்கும் பொருள்களையும் காண வேண்டுமென்றால், படங்களிலிருந்து கற்கும் மாதிரி ஒன்றை, அதாவது நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். 2024 பருவத்தில் தரையில் கிடந்த ஆரஞ்சு நிற நுரை வளையங்களைக் கண்டுபிடிக்கப் பல குழுக்கள் இவ்வாறு செய்தன. இந்தப் பணியில் படம் எடுத்தவர்கள், ஒவ்வொரு படத்திலும் வளையத்தைச் சுற்றிப் பெட்டி வரைந்தவர்கள், தவறான பெட்டிகளைத் திருத்தியவர்கள் ஆகியோரின் உழைப்பு மிகப் பெரியது. பெரும்பாலும் குழுவின் இளைய மாணவர்களிடமே இது ஒப்படைக்கப்படுகிறது. அவர்களை உதவியாளர்கள் என்று ஒற்றைச் சொல்லில் தொகுத்துவிடாமல், தரவுத்தொகுப்பை உருவாக்கியவர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பயிற்றுவிக்கப்பட்ட மாதிரி, களத்திலுள்ள பொருளைச் சரியாகக் காண்கிறதென்றால் அது இவர்கள் பெட்டி வரைந்த துல்லியத்தால்தான்.

பிறருடைய தரவுத்தொகுப்பைப் பயன்படுத்தினால், படைப்பின் பெயர், ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு பரிந்துரைக்கும் நான்கையும் எழுதுங்கள். கோகோ போன்ற பொதுப் படத் தொகுப்பில் அடையாளமிடலுக்கு ஓர் உரிமமும் படங்களுக்கு வெவ்வேறு உரிமங்களும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முன்பே பயிற்றுவிக்கப்பட்ட மாதிரியின்மேல் உங்கள் பயிற்சியைத் தொடர்ந்திருந்தால் அந்த மாதிரியின் பெயரும் பதிப்பும் உரிமமும் வர வேண்டும்; படத்தில் பொருள்களைக் கண்டறியும், அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் யோலோ மாதிரிகள், ஜிபிஎல் போலவே மூலநிரலைத் தரக் கோரும் ஏஜிபிஎல் உரிமத்தின்கீழ் வருவதால், வெளியிடும் முன் வழிகாட்டி ஒருவர் அந்த உரிமத்தை முழுதாகப் படிப்பது நல்லது.

நிரல் எழுதச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கருவியைப் பங்களிப்பாளராகப் பட்டியலிட வேண்டாம். பொறுப்பேற்க முடியாத ஒன்றை ஆசிரியராக ஏற்பதில்லை என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் கூறுகிறது. எந்தப் பகுதியில் கருவி பயன்பட்டது, அதைச் சரிபார்த்த மாணவர் யார் என்று எழுதினால் போதும்.

பெயரை வெளியிடும் முன்

பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள் என்பதால், பாராட்டும் ஆர்வத்தில் அவர்களுடைய முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, புகைப்படம் அனைத்தையும் ஒரே பக்கத்தில் பொதுவெளியில் வைத்துவிடக் கூடாது. பருவத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும், பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோரிடமும், பெயர் எந்த வடிவில் வரலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுப்பெயர், முதற்பெயரும் தலைப்பெழுத்தும், புனைபெயர், பெயர் வேண்டாம் என்ற தெரிவுகளைக் கொடுங்கள். பெயர் வேண்டாம் என்பவரின் வேலையையும் விட்டுவிடாமல், பெயர் வெளியிட விரும்பாத மாணவர் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். குழுவுக்குள் வைத்துக்கொள்ளும் பதிவில் முழு விவரமும் இருக்கட்டும். பின்னாளில் கல்லூரிச் சேர்க்கைக்கோ வேலைக்கோ சான்று கேட்டு வரும் மாணவருக்கு அதிலிருந்து எழுதிக் கொடுக்க முடியும்.

பெயர்களின் வரிசையைப் பற்றிச் சச்சரவு வருவது இயல்பு. பங்குவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கினுள்ளும் முன்னின்றவரை முதலிலும் மற்றவர்களை அகர வரிசையிலும் எழுதினால் சச்சரவு பெரிதும் அடங்கிவிடுகிறது. எந்த முறையைக் கையாண்டீர்கள் என்பதைப் பட்டியலின் தலையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்த பதிவு ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"இந்தக் கேமரா அமைப்பு 2024 பருவத்துக்காக எங்கள் குழுவில் உருவாக்கப்பட்டது. தாங்கியின் வடிவமைப்பும் அச்சும்: மாணவர் அ. மின்னிணைப்பு: மாணவர் ஆ; துணை: மாணவர் இ. அளவுத்திருத்தம், அரங்க ஒளிச் சோதனை: மாணவர் இ. இருப்பிடக் கணிப்பு நிரல்: முதல் வடிவம் வழிகாட்டி ஒருவர், மாற்றியமைத்துச் சோதித்தவர்கள் மாணவர் ஈ, மாணவர் உ. வளையப் படத் தரவுத்தொகுப்பு: மாணவர் ஊ, மாணவர் எ, பெயர் வெளியிட விரும்பாத மாணவர் ஒருவர். அட்டைகளைக் கண்டறிவது ஏப்ரல்டேக் மூன்றாம் வடிவம். ஃபோட்டான்விஷன் வழியாக, மாற்றமின்றிப் பயன்படுத்தினோம். கணிப்பை வடிகட்டும் பகுதி மற்றொரு குழுவின் வெளியீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மூலமும் மாற்றங்களும் கோப்பின் தலைப்பில் உள்ளன."

இதன் முழு வடிவம் களஞ்சியத்தின் முதல் நிலையிலேயே தனிக் கோப்பாக இருக்க வேண்டும். போட்டியில் பொறியியல் தொகுப்பு கொடுப்பதாக இருந்தால் அங்கே சுருக்கம் போதும். வெளியாரின் ஆக்கங்களைப் பற்றிய வரியை மட்டும் சுருக்கத்திலும் நீக்க வேண்டாம். சொந்தமாக மின்சுற்றுப் பலகை செய்திருந்தால் பலகையின் மேலேயே பதிப்பு எண்ணும் ஆண்டும் வடிவமைத்தோரின் சுருக்கக் குறியும் அச்சிடலாம். காகிதம் தொலைந்தாலும் பலகை இருக்கும். நடுவர்கள் முன் பேசும் மாணவர்கள், தாங்கள் செய்யாத பகுதிக்கு வரும்போது செய்தவரின் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும்.

வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பு வரைவைப் பட்டியலில் உள்ள அனைவருக்கும், பாதியில் குழுவை விட்டு விலகியவர்களுக்கும் அனுப்பி, விடுபட்டதையும் மிகைப்பட்டதையும் கேளுங்கள். மனத்தாங்கலோடு விலகியவராக இருந்தாலும் அவர் செய்த வேலை அமைப்பில் இருக்கும்வரை அவர் பெயர் இருக்க வேண்டும். இருவர் ஒரே வேலையைத் தங்களுடையது என்று சொன்னால், குறிப்பேட்டையும் கமிட் வரலாற்றையும் வைத்து, இருவரும் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள். அப்போதும் தீராவிட்டால் இருவரையும் இணையாக எழுதுங்கள். வெளியிட்ட பின் வரும் திருத்தங்களைப் பழைய வரியை அழித்து மறைக்காமல், என்ன மாற்றப்பட்டது என்ற குறிப்போடும் தேதியோடும் சேருங்கள். திருத்தம் கேட்க விரும்புவோர் யாருக்கு எழுத வேண்டும் என்பதற்குத் தனியொருவரின் முகவரியைத் தராமல் குழுவின் பொது முகவரியைத் தாருங்கள்.

அடுத்த பருவத்தில் அமைப்பு மறுபடி எழுதப்படும்போது பழைய பட்டியலின்மேல் புதிய பெயர்களை ஒட்டிக்கொண்டு போகாமல், ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பகுதி வைத்து, முந்தைய பருவத்திலிருந்து மாறாமல் தொடரும் பாகங்கள் எவை என்று அதன் முதல் வரியில் குறிப்பிடுங்கள். ஒரு பாகம் முற்றிலும் நீக்கப்பட்டால் அதைச் செய்தவர்களின் பெயர்கள் அந்தந்த ஆண்டின் பகுதியில் அப்படியே இருக்கட்டும். புதிய பகுதியில் அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.